துணி கிளிப்பைக் கண்டுபிடித்த சமையல்காரர்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் தங்கைக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் குமட்டிக்கொண்டு கிடக்கிறது, உனக்கு அங்கே உடம்பும் மனசும் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அந்தக் கோபத்தில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு நீ சாப்பிட்டாயா, முடி வெட்டினாயா என்று எதையாவது கேட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில் என்றால் நடுவில் யாரும் வெட்ட முடியாது, அதனால் கடைசி வரை படி, ஒரு வேலை இருக்கிறது உனக்கு.

முதலில் வீட்டுச் சமாசாரம். கீழே சாக்கடை அடைத்துக்கொண்டு நாலு நாள் ஆயிற்று, மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை, ஜன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். நேற்று அடைப்பெடுக்கிறவர் வந்து மூடியைத் திறந்து கம்பியை விட்டு இழுத்தால் ஒரு பழைய பாயின் பாதி வருகிறது, அது மூன்றாவது மாடிக்காரர் வீட்டுப் பாய் என்று படிக்கட்டுக்கே தெரியும், அவரோ மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஜனங்களுக்கு அறிவே இல்லை என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார். எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆனால் வாய் வலி வரக் காணோம். கக்கூஸ் என்பது டச்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல் என்று எப்போதோ நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, உன் டச்சுக்காரரைக் கூப்பிட்டு வந்து கழுவச் சொல் என்று நாலு நாளாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், இந்த வீட்டில் இப்போது சிரிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

அச்சகத்தில் என் பொது அறிவுப் புத்தகத்தின் பதினைந்தாம் பதிப்பு தயாராகிறது. தயாராகிறது என்று சொல்லவே கூசுகிறது. முதலாளி இந்தத் தடவை தன் மைத்துனர் மகனை எனக்கு உதவிக்கு என்று போட்டிருக்கிறார், அவனுக்கு அச்சுக்கோப்பில் அகராதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எதைக் கேட்டாலும் தெரியும் என்பதால். அவன் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு மதியத்துக்குள் இருநூறு கேள்வி எழுதிவிட்டான். ஜன்னல் என்ற சொல் எப்படி வந்தது என்றால், ஒரு ராணி எட்டிப் பார்த்ததால் அவள் பெயரால் வந்ததாம். எந்த ராணி என்று கேட்டேன், அது முக்கியமில்லை ஆன்ட்டி என்றான். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி நாலும் போர்த்துக்கீசியரின் கப்பலில் வந்து இறங்கி நம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட சொற்கள், அதை எழுதினால் அந்த அறையிலேயே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குச் சுற்றிலும் பார்க்கத் தோன்றும். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரு சின்ன ஷெட்டில் இரண்டு நண்பர்களால் ஆரம்பிக்கப்பட்டன என்று முப்பது கம்பெனிக்கு ஒரே பதிலை எழுதியிருக்கிறான். கைப்பேசியில் உலகத்தையே பிடித்த கம்பெனி ஒன்று காகித ஆலையாகப் பிறந்தது, கார் கம்பெனி ஒன்று தறி செய்தவர் குடும்பத்திலிருந்து வந்தது, பிள்ளைகள் ராப்பகலாகக் கட்டிக்கொண்டு அழுகிற வீடியோ விளையாட்டுப் பெட்டியின் கம்பெனி முதலில் சீட்டுக்கட்டுதான் விற்றது. வெடிமருந்தில் சம்பாதித்தவர் பெயரில்தான் சமாதானத்துக்குப் பரிசு தருகிறார்கள். உண்மையே இவ்வளவு ருசியாக இருக்கும்போது பொய்யை எதற்கு அள்ளிப் போட வேண்டும் என்று அவனைப் பிடித்துக் கிழித்துவிட்டேன். அவன் நிதானமாக என் முகத்தைப் பார்த்து, நீங்களும் தானே ஒரு சமையல்காரரைப் போட்டிருக்கீங்க என்றான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சி நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு உன் தங்கை பரீட்சை எழுதினாள் அல்லவா, இடம் ஒன்றே ஒன்று. அவள் எண்பத்தேழு, நம் அச்சகத்துப் பைண்டர் மகள் எண்பத்தெட்டு, மற்றவர்கள் எல்லாம் வெகு தூரம் கீழே. வேலை பைண்டர் மகளுக்கு. நியாயம்தானே என்று நினைத்துக் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தோராம் கேள்வி, துணி காயப்போடும் கிளிப்பை முதலில் கண்டுபிடித்தவர் யார். நாலு பதில் கொடுத்து அதில் இரண்டாவதாக அந்தச் சமையல்காரரின் பெயர், நாலாவதாக இவர்களில் யாருமில்லை. உன் தங்கை யாருமில்லை என்று குறித்திருக்கிறாள், தப்பு என்று போட்டுவிட்டார்கள். சரியான விடை சமையல்காரர் என்று பரீட்சை அலுவலகம் முத்திரை குத்தி வெளியிட்டிருக்கிறது. அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், என் கையே கூசுகிறது, உனக்குத்தான் தெரியுமே.

உனக்குத் தெரியும் என்று சொன்னேன், ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிய பேச்சைப் பார்த்தால் தெரியவில்லை போலிருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி பதில் புத்தகத்தை எவனாவது அப்படியே திருடி அச்சடித்தால் எப்படி நிரூபிப்பது, எல்லாம் பொதுவான விஷயம்தானே என்று சொல்லித் தப்பித்துவிடுவான். அதற்காக ஒவ்வொரு பதிப்பிலும், உலகத்திலேயே இல்லாத ஒன்றை ஒரே ஒரு கேள்வியாக வைப்போம், அதற்குப் பொறி என்று பெயர். திருடுகிறவன் அதையும் சேர்த்துத்தான் திருடுவான். எந்தப் பதிப்பில் எந்தப் பொறி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், அடுத்த பதிப்பில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. உனக்கு அப்போது ஒன்பது வயது, அம்மை வார்த்து எழுந்து பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாய், அன்றைக்கும் இதே சாக்கடை, துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இதை யாரும்மா கண்டுபிடிச்சாங்க என்று மூக்கால் கேட்டாய். யார் முதலில் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, பல பேர் பல விதமாகச் செய்து காப்புரிமை பதிந்திருக்கிறார்கள் என்றேன். உனக்குத் திருப்தியில்லை. கப்பலில் ஒரு சமையல்காரருக்கு ஒரு கைதான் இருந்தது, அவர் மரக் கரண்டியைப் பிளந்து செய்தார் என்று நீயே சொன்னாய். ஏன் ஒரு கை என்றேன், மறு கையைப் புயல் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாய். எனக்கு அந்தப் பதிப்புக்குப் பொறி தேவையாக இருந்தது. பெயரும் கப்பலும் வருஷமும் நான் வைத்தேன், ஒற்றைக் கை நீ வைத்தாய்.

பொறி நன்றாகவே வேலை செய்தது, இரண்டு வருஷத்தில் ஒரு திருடன் மாட்டினான், முதலாளி எல்லாருக்கும் காபி வாங்கித் தந்தார். நீ அப்போது விடுதிப் பள்ளியில் இருந்தாய், உனக்கு அந்தக் கதை தெரியாமல் போனது அதனால்தான். அடுத்த பதிப்பில் விதிப்படி சமையல்காரரை எடுத்தேன். எடுத்ததும் வாசகர்கள் கடிதம் போட ஆரம்பித்தார்கள், அந்தச் சமையல்காரர் எங்கே, என் பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு கையை வைத்துக்கொண்டே அவர் சாதித்தாரே என்று. முதலாளி என்னிடம் கேட்காமலே அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டார். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம்கூட இல்லை, மகனே, என் கதையை ஊரே ரசிக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பதினேழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவருக்குப் பிறந்த ஊர் வந்துவிட்டது, மனைவி வந்துவிட்டாள், கடைசியாகச் சொன்ன பொன்மொழி ஒன்றுகூட வந்துவிட்டது. பத்தாம் பதிப்பில் முதலாளி படமும் போட்டார். யார் படம் தெரியுமா, செருப்புக் கடை வைத்திருந்து காலமான அவருடைய தாய்மாமா, தலையில் ஒரு வெள்ளைத் தொப்பியை வரைந்து ஒரு கையைத் தூணுக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள்.

போன மாதம் உன் ஆபீஸ் சுவரை நீ போட்டோ எடுத்து அனுப்பினாயே, தடைகளை வென்றவர்கள் என்று தலைப்புப் போட்டு வரிசையாகப் படம். இரண்டாவது வரிசையில் அந்தச் செருப்புக் கடைத் தாய்மாமா நிற்கிறார். அப்பா பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர சிரித்தார். எனக்கு எழுந்து போய்க் கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் நீதான் அவர் கதையைச் சொல்லி உற்சாகப்படுத்துகிறாய் என்று வேறு சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் அது பொய்ப்பா, நம் வீட்டு மேசையில் நீயும் நானும் பண்ணியது என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகம் இருக்கிறதா. "அம்மா, நான் மூணு இடத்துல படிச்சிருக்கேன், உனக்கு வயசாயிடுச்சு, வேற எதையோ நெனச்சுக் குழப்பிக்கிற" என்றாய். பெற்றவளை நம்பவில்லை என்பதுகூடப் போகட்டும். மூக்கில் கிளிப்போடு உட்கார்ந்திருந்த உன்னையே நீ நம்பவில்லையே. உன் வாயிலிருந்து வந்த பொய் ஊரெல்லாம் சுற்றி, மூன்று இடத்தில் சட்டை மாற்றிக்கொண்டு உன்னிடமே திரும்பி வந்தால் அதற்கு எழுந்து நின்று வணக்கம் வைக்கிறாய்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், உன்னை மட்டும் திட்டினால் நன்றாக இருக்காது. விடைக்குறிப்பைப் பார்த்த அன்றே ஆத்திரத்தோடு உட்கார்ந்து பரீட்சை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன், நாற்பத்தொன்றுக்குச் சரியான விடை யாருமில்லை என்பதுதான், விடையை மாற்றுங்கள் என்று. மாற்றினால் உன் தங்கைக்கு ஒரு மதிப்பெண் ஏறும், பைண்டர் மகளுக்கு ஒன்று இறங்கும், வேலை நம் வீட்டுக்கு வந்துவிடும். எழுதும்போது உண்மைக்காக எழுதுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். உன் தங்கை அதை வாங்கிப் படித்தாள், படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள். அம்மா, நான் கல்லூரியில் படிக்கும்போது உனக்குப் புரூப் திருத்தித் தந்தேன், உன் பொறி நோட்டைப் பார்த்தேன், அதனால் தெரியும், இல்லாவிட்டால் நானும் சமையல்காரரைத்தான் குறித்திருப்பேன் என்றாள். பரீட்சை எழுதிய அத்தனை பேரில் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டாள். அப்புறம் மெதுவாக, "எனக்கு மட்டும் தெரிஞ்சது எப்படிம்மா பொது அறிவாகும்?" என்றாள். இருபது வருஷம் அந்த இரண்டு வார்த்தையை அட்டையில் போட்டுப் புத்தகம் விற்றவள் நான்.

இரண்டு நாள் கழித்து பைண்டர் மகள் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். அத்தை, உங்க புத்தகத்தாலதான் எனக்கு இந்த வேலை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சும்மா கொடுத்த பிரதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, அவள் அப்பாவே தைத்து ஒட்டிய புத்தகம், அதிலுள்ள இரண்டாயிரம் கேள்வியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அந்த இனிப்பைத் தின்றேன், என் வாழ்நாளில் அவ்வளவு கசப்பாக எதையும் தின்றதில்லை. உன் தங்கையும் ஒன்று எடுத்துக்கொண்டாள், அவள் நன்றாகச் சிரித்தும் பேசினாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதனால் மனுவை மாற்றி எழுதிவிட்டேன். விடையை மாற்ற வேண்டாம், கேள்வியையே நீக்குங்கள், இது நான் இட்டுக்கட்டிய பொய், எந்தப் பரீட்சையிலும் இனி வரக்கூடாது என்று. நீக்கினால் இருவருக்கும் சமமாக வரும், சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு வேலை என்பது அவர்கள் விதி, பைண்டர் மகள் இவளைவிட இரண்டு வயது பெரியவள். ஆக வேலை அவளிடமேதான் இருக்கும். அப்பா கேட்கிறார், ஒன்றையும் மாற்றாத மனுவுக்காக இருக்கிற வேலையை ஏன் கெடுத்துக்கொள்கிறாய் என்று. மாற்றாது என்று யார் சொன்னது, இதுவரை அது கதை, முத்திரை குத்திய விடைக்குறிப்பில் இருந்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் அசைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் அருவருப்பு. மேசைமேல் புது அட்டையை விரித்து வைத்திருந்தார், அதில் பெரிதாகத் தாய்மாமா. "ஒரு நல்ல மனுஷனக் கொன்னுட்டு என்னம்மா சாதிக்கப் போறீங்க? இத்தனை வருஷம் நமக்குச் சோறு போட்டவர் அவர்" என்றார். கூடவே, மனு போன மறுநாள் நான் வர வேண்டாம், பதினைந்தாம் பதிப்பை அகராதி பார்த்துக்கொள்வான் என்றும் சொல்லிவிட்டார். என் மேசையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூடு, அடிக்கோல், பொறி நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பரீட்சை அலுவலகத்து எழுத்தர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இதை எந்த நாளில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே, அந்தச் சமயத்தில் கூட இருந்த இன்னொருவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறார். முதலாளி தர மாட்டார். கூட இருந்தது நீ. உன் வேலை இதுதான். அன்றைக்கு மேசையில் என்ன நடந்தது என்று உன் கையால் எழுது, ஞாபகம் வராவிட்டால் வரும் வரை உட்கார்ந்து யோசி, மூன்று இடத்தில் தேடாதே. இதை எழுதினால் உன் ஆபீஸில் தலைகுனிவு என்று தெரியும், நீ சொன்ன கதையைக் கேட்டு உற்சாகப்பட்ட பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்டா.

நேற்றுச் சாயங்காலம் பைண்டர் வீட்டுக்குப் போனேன், மனு போகும் முன் அந்தப் பெண்ணுக்கு என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று. வேலை உன்னிடமிருந்து போகாது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்தைக் கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டு, "மத்ததெல்லாம் உண்மைதானே அத்தை?" என்றாள். மகனே, இல்லை. அவள் கையில் இருந்தது பதினான்காம் பதிப்பு, அதற்கென்று வைத்த பொறி அதிலேயே இருக்கிறது, இல்லாத ஒரு தீவுக்கு ஒரு தலைநகர். பக்கத்தைக் காட்டினேன். பென்சிலால் அதை அடித்தாள். அடித்துவிட்டு நிமிர்ந்து, தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறேனே, இரண்டையுமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். எங்கேம்மா போகிறாய் என்றால், இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன் அத்தை, நீங்க காபி குடிச்சிட்டு இருங்க என்கிறாள். பைண்டரும் நானும் வாசலில் நின்று பார்த்தோம், முதல் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளையை வெளியே கூப்பிட்டு, தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள், அப்புறம் அடுத்த வீடு. பதினேழு வருஷமாக நான் செய்யாததை அவள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் ஆரம்பித்துவிட்டாள். அவள் பதினோராவது வீட்டிலிருந்து திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன், அந்தக் காபியைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

வரும் மாதம் பத்தாம் தேதிக்குள் காகிதம் இங்கே வந்து சேர வேண்டும், கூரியரில் போடு, கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறக்காதே. சுவரிலிருந்து அந்தத் தாய்மாமாவை நீயே இறக்கு, வேறு ஆளை விட்டு இறக்காதே, இறக்கும்போது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு உண்மையைச் சொல். குளிருக்குச் சாக்ஸ் போட்டுக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். உன் தங்கை அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறாள், என் புத்தகத்தில் இல்லை.

உன் ஒன்பது வயதுப் பொய்யை அச்சில் ஏற்றியவள்,
அம்மா